சின்னக் காரும் அதன் மூச்சுக் குழாயும்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "இந்த வருஷம் நீ பேசணும், தலைப்பு உன் இஷ்டம்" என்றார். கல்லூரி நினைவுகள் என்று ஆரம்பித்தால் எல்லோரும் அதைத்தான் பேசுவார்கள். நான் ஒரு காரைப் பற்றிப் பேசப் போகிறேன். ஒரு சின்னக் கார், அதன் பானட்டுக்குள் இருக்கும் காற்றுக் குழாய், அதில் நானும் என் நண்பன் ஒருவனும் செய்த வேலை, இதுதான் விஷயம். அந்த நண்பன் இந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். பெயரைச் சொல்ல மாட்டேன். பிள்ளையார்பாளையத்துக்காரன், தறிக்காரர் வீட்டுப் பிள்ளை, கைலாசநாதர் கோயிலுக்குப் போகிற வழியில் வீடு என்ற அளவுக்கு மட்டும் தெரிந்தால் போதும். அந்தத் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் என்பதால் யாரும் கண்டுபிடிக்க முடியாது!

முதலில் கொஞ்சம் பாடம். பௌதிகம் படித்தவனுக்கு மைக் கிடைத்தால் பாடம் நடத்தாமல் விட மாட்டான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் சின்னக் கார் என்றதும் நம் வயதுக்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது மாருதி 800. 1983 டிசம்பர் 14-ல் முதல் காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி கொடுத்தார். 2014 ஜனவரியில் உற்பத்தியை நிறுத்தினார்கள். மூன்று சிலிண்டர், 796 சி.சி. கொள்ளளவு. அந்தக் குட்டி எஞ்சினை நம் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் ரேஸ் காரிலேயே வைத்தார். கோயம்புத்தூர் கரிவரதன் அவர்கள்தான் அவர். மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார்களை உருவாக்கினார். 'ஃபார்முலா மாருதி' என்று அதற்குப் பெயர். பிறகு ஃபார்முலா ஒன் வரை போன நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்தில் ஓட்டியது அந்த வகைக் கார்தான். நம் ஊரிலிருந்து சென்னைக்குப் போகும் வழியில், ஸ்ரீபெரும்புதூர் தாண்டி இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறதே ரேஸ் மைதானம், அங்கேதான் அந்தக் கார்கள் சீறிப் பாய்ந்தன. 1995-ல் ஒரு சிறு விமான விபத்தில் கரிவரதன் மறைந்தார். கோவையில் உள்ள ரேஸ் பாதைக்கு இன்று அவர் பெயர்தான்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒரு மாடலின் பாகத்தை இன்னொன்றில் பொருத்துவது நம்மவர்களுக்குப் புதிதும் அல்ல, பாவமும் அல்ல. தெரிந்து செய்தால் வித்தை, தெரியாமல் செய்தால் விபரீதம். நான் செய்தது இரண்டாவது.

எஞ்சின் எவ்வளவு மூச்சு விடுகிறது என்று பார்ப்போம். எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றும்போது தன் கொள்ளளவு முழுதுக்கும் ஒரு தடவை காற்றை இழுக்கிறது. 796 சி.சி. என்பது 0.796 லிட்டர். நிமிடத்துக்கு 5,500 சுற்று என்றால் 2,750 தடவை இழுக்கும். பெருக்கினால் சுமார் 2,190 லிட்டர். சிலிண்டர் எப்போதும் முழுசாக நிரம்பாது, நூற்றுக்கு எண்பது என்று வைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு 1,750 லிட்டர் காற்று. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறக்குறைய 9,500 லிட்டர் காற்று! பங்க்கில் பெட்ரோலுக்குத்தான் காசு வாங்குகிறார்கள். காற்றுக்கும் வாங்கினால் நாம் எல்லாம் இன்று மாட்டுவண்டியில்தான் வந்திருப்போம்.

இவ்வளவு காற்று வேண்டுமென்றால், அது வரும் வழியைப் பெரிதாக்கினால் எஞ்சினுக்குப் பலம் கூடும் அல்லவா? கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சில வருஷங்களுக்கு முன், 2014-ல், இதே மாதிரி ஒன்றுகூடல். சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்து இலையில் என் நண்பன். "டேய், என் கார் இழுக்கவே மாட்டேங்குதுடா. நாலு பேரு, பின்னாடி ரெண்டு மூட்டை புடவை, அவ்வளவுதான் லோடு. லாரியைத் தாண்டறதுக்குள்ள எதிர்ல பஸ் வந்துடுது. நீ பௌதிகம் படிச்சவனாச்சே, என்ன பண்ணலாம் சொல்லு" என்றான். பழைய கார்புரேட்டர் வண்டி. எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று சொல்லப் போவதில்லை. ஏனென்றால் தப்பு வண்டியுடையது அல்ல.

நான் மெக்கானிக் அல்ல. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். பாயசம் வந்த நேரம், சுற்றிலும் நாலு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், விடுவேனா? "அது ரொம்ப சிம்பிள்டா. உன் வண்டிக்கு மூச்சு பத்தல. பெரிய மாடல் கார்லேருந்து ஏர் ஃபில்டர் பெட்டியும் குழாயும் எடுத்துப் போடு. வாயைக் கீழே பம்பர் பக்கம் இறக்கு, குளிர்ந்த காத்து வரும்" என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே இரண்டு பேரும் சென்னை புதுப்பேட்டைக்குப் போனோம். அங்கே கிடைக்காத பாகம் உண்டா? அரை மணி நேரத்தில் பெரிய மாடல் ஒன்றின் காற்றுப் பெட்டி, வளைந்த ரப்பர் குழாய், இரண்டு கிளாம்ப், எல்லாம் பேரம் பேசி வாங்கியாயிற்று. பிள்ளையார்பாளையத்தில் ஒரு மெக்கானிக் ஷெட். அந்தத் தம்பி ரொம்பக் கெட்டிக்காரர். "சார், இந்த வாய் இவ்வளவு கீழே வேணுமா?" என்று ஒரு தடவை கேட்டார். நான் குளிர்ந்த காற்றின் அடர்த்தியைப் பற்றி அவருக்கு விளக்கினேன். அவர் அதற்கு மேல் பேசவில்லை. படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார். அந்த மரியாதைக்கு நான் தகுதியாக இல்லை என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன்.

வண்டி வெளியே வந்தது. நண்பன் வாலாஜாபாத் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "ஆஹா, இப்ப பாரு இழுவையை!" என்றான். சத்தமும் கொஞ்சம் கம்பீரமாக இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த ஒரு வருஷம் பார்ப்பவரிடமெல்லாம் சொன்னேன்.

2015 வந்தது. அந்த நவம்பர், டிசம்பர் மழையை இந்த ஜில்லாக்காரர்கள் யாரும் மறக்க மாட்டோம். டிசம்பர் முதல் வாரம். சென்னையில் ஒரு கல்யாண வீட்டுக்கு முகூர்த்தப் புடவை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவன் வீட்டுத் தறியில் நெய்தது. சொன்ன தேதிக்குப் போய்ச் சேர வேண்டும், அது அவர்கள் தொழில் நாணயம். விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டான். வழியில் ரோட்டில் தண்ணீர், அரைச் சக்கரம்கூட இருக்காது. முன்னால் போன சின்னக் கார்கள் தாண்டிப் போயின. எதிரே ஒரு பஸ் வந்தது, அலை அடித்தது, வண்டி நின்றது. சாவியைத் திருப்பினான், பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினான். மூன்றாவது தடவை எஞ்சின் பிடித்தது, அடுத்த கணம் 'டொக்' என்று ஒரே சத்தம். அதோடு சரி.

தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது என்று எட்டாம் வகுப்பிலேயே படித்தோம். அந்த எஞ்சினின் ஒரு சிலிண்டர் சுமார் 265 சி.சி. காற்றை ஒன்பதில் ஒரு பங்காகச் சுருக்கும்போது பிஸ்டனுக்கு மேலே மிஞ்சும் இடம் 30, 35 மில்லிதான். நாம் காபி குடிக்கும் டம்ளரில் கால் பாகம். அவ்வளவு தண்ணீர் உள்ளே போனால் பிஸ்டன் மேலே வர இடமில்லை. ஏதாவது ஒன்று வளைய வேண்டும். கனெக்டிங் ராடு வளைந்தது. நான் குளிர்ந்த காற்றுக்காகக் கீழே இறக்கிய வாய், தண்ணீரைத்தான் குடித்தது.

புடவை பாலிதீனில் சுற்றி இருந்ததால் நனையவில்லை. மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் நடந்து, கிடைத்த லாரியில் ஏறி, இருட்டிய பிறகு கல்யாண வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறான். கார் பத்து நாள் கழித்து இழுத்துக்கொண்டு வரப்பட்டது. அந்தக் கல்யாண சீசனில் வீட்டில் எல்லோரும் தறியில் உட்கார்ந்து சம்பாதித்த கூலி எஞ்சினுக்குப் போயிற்று.

இதில் எனக்கு இன்றுவரை உறுத்துவது என்ன தெரியுமா? அவன் இதை என்னிடம் சொல்லவே இல்லை. இரண்டு வருஷம் கழித்து அவன் வீட்டுக்குப் போனபோது, சும்மா பானட்டைத் திறந்தேன். பழைய பெட்டி, பழைய குழாய், எல்லாம் பழைய இடத்திலேயே இருந்தன. "என்னடா இது?" என்று கேட்டபோதுதான் கதை வெளியே வந்தது. "விடுடா, நீ நல்லதுக்குத்தானே சொன்னே" என்றான். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலமே அந்த மெக்கானிக் தம்பியைப் போய்ப் பார்த்தேன். "அப்ப வண்டி நல்லா இழுத்துச்சேப்பா, அது எப்படி?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "சார், அன்னைக்கு ஆக்சிலரேட்டர் கேபிள் தளர்ந்து கெடந்துச்சு. பெடலை முழுக்க மிதிச்சாலும் கார்புரேட்டர் முக்காவாசிதான் தொறந்துச்சு. பெட்டி மாத்தும்போது அதையும் நான்தான் டைட் பண்ணேன். பழைய ஃபில்டர் வேற மண்ணடைச்சிருந்துச்சு." அவ்வளவுதான்! ஐம்பது ரூபாய் வேலை. ஒரே நேரத்தில் மூன்று மாற்றம் செய்துவிட்டு, பெருமையை மட்டும் என் குழாய்க்குக் கொடுத்துவிட்டேன். சோதனைச்சாலையில் நம் பேராசிரியர் படித்துப் படித்துச் சொன்னாரே, "ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும்" என்று. ஐயா, மன்னிக்கவும்.

அதன் பிறகுதான் நான் காகிதமும் பென்சிலும் எடுத்தேன். நிமிடத்துக்கு 1,750 லிட்டர் காற்று 40 மில்லிமீட்டர் குழாயில் போனால் வேகம் வினாடிக்கு 23 மீட்டர். அந்த வேகத்துக்குச் செலவாகும் அழுத்தம், நீர்மட்டக் கணக்கில் சுமார் 31 மில்லிமீட்டர். 50 மில்லிமீட்டர் குழாயானால் சுமார் 13 மில்லிமீட்டர். வித்தியாசம் 18 மில்லிமீட்டர் நீர்மட்டம். வளிமண்டல அழுத்தமோ பத்து மீட்டருக்கு மேல்! ஆக, குழாயைப் பெரிதாக்கியதில் கிடைத்தது நூற்றில் கால் பங்குகூட இல்லை. ரேஸ் காருக்கு அது பெரிது. புடவை மூட்டைக்கு அது ஒன்றுமே இல்லை.

குளிர்ந்த காற்று என்பது மட்டும் உண்மை. 35 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்றின் எடை சுமார் 1.15 கிலோ. பானட்டுக்குள் 60 டிகிரிக் காற்றானால் 1.06 கிலோ. ஏழெட்டு சதவீதம் குறைகிறது. இதற்காகக் காற்றின் வாயை ரேடியேட்டருக்கு முன்னால், ஆனால் உயரத்தில் வைக்கலாம். பல கார்களில் கம்பெனியே அப்படித்தான் வைத்திருக்கிறது, அந்தக் குழாய் கழன்று கிடக்கிறதா என்று பார்த்தாலே போதும். பழைய கார்புரேட்டர் வண்டிகள் பலவற்றில் சைலன்ஸர் பக்கத்துச் சூட்டுக் காற்றை இழுக்க ஒரு தடுப்பு இருக்கும், குளிர் பிரதேசத்துக்காக. நம் காஞ்சிபுரத்துக்கு அது எதற்கு? அது வெயில் கால நிலையில் இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

இந்த வேலையில் ஆசை உள்ள இளைஞர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்ட சிலவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று, அளந்து பாருங்கள். ஒரு மீட்டர் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபை 'யு' வடிவில் வளைத்துக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை ஃபில்டருக்குப் பின்னால் செருகுங்கள். நம் லேபில் இருந்த மேனோமீட்டர்தான் அது. ஒருவர் ஓட்ட, ஒருவர் நீர்மட்டத்தைப் பார்க்க வேண்டும். ஃபில்டர் அடைத்திருந்தால் அது காட்டிவிடும். பாதி நேரம் புது ஃபில்டர் போட்டாலே காரியம் முடிந்துவிடும்.

இரண்டு, ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் எங்கும் இடைவெளி கூடாது. வேறு மாடல் குழாய் ஒரு நூல் பெரிதாக இருந்தால் டேப்பைச் சுற்றிக் கட்டிவிடுகிறோம். சூட்டில் டேப் விட்டுவிடும். அந்த வழியாக மண் தூசி நேரே உள்ளே போகும். மண்ணில் இருப்பது மணல், அதாவது சிலிக்கா. இரும்பையே தேய்க்கும். பிஸ்டன் ரிங் தேய்ந்து, ஆயில் எரிந்து, நீலப் புகை வரும்போதுதான் நமக்குத் தெரியும்.

மூன்று, பழைய பெட்டியோடு சேர்ந்த சின்னக் குழாய்களை அநாதையாக விடாதீர்கள். எஞ்சின் ஆவிக் குழாய் ஒன்று அதில் சேரும். சில கார்புரேட்டர்களின் மிதவை அறைக்கு அழுத்தம் சமன் செய்யும் குழாயும் அங்கிருந்துதான் வரும். வெறும் டப்பா மாதிரி தொங்குவது 'ரெஸொனேட்டர்'. ஜெர்மனி விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ட தத்துவம் அது, உறிஞ்சும் சத்தத்தை அடக்குகிறது. எங்கள் வண்டியின் 'கம்பீரமான' சத்தத்துக்குக் காரணம் அதைக் கழற்றி எறிந்ததுதான்.

நான்கு, இப்போதைய இன்ஜெக்ஷன் கார்களில் இன்னும் கவனம் வேண்டும். சிலவற்றில் காற்றை அளக்கும் சென்ஸார் குழாய்க்குள்ளேயே இருக்கும். அது அந்த அளவுக் குழாய்க்காகக் கணக்கிடப்பட்டது. குழாயின் விட்டம் பத்து சதவீதம் கூடினால் பரப்பு 21 சதவீதம் கூடுகிறது. காற்றின் வேகம் குறையும், கம்ப்யூட்டர் காற்றே குறைந்துவிட்டது என்று நினைத்துப் பெட்ரோலைக் குறைக்கும். எஞ்சின் சூடாகித் திணறும்.

ஐந்து, தண்ணீரில் வண்டி நின்றால் சாவியைத் தொடவே தொடாதீர்கள். தள்ளி மேட்டுக்குக் கொண்டு வாருங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எஞ்சினைச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றது.

ஆறு, சட்டம். 1988-ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. கம்பெனி கொடுத்த மூல விவரத்துக்கு மாறாக மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதே வருஷத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்துவிட்டது. அதனால் கை வைக்கும் முன் ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் இன்ஷூரன்ஸிலும் கேட்டுவிடுங்கள்.

இங்கிலாந்தில் 1959-ல் 'மினி' என்ற சின்னக் கார் வந்தது. 1961-ல் ஜான் கூப்பர் என்பவர் அதை வேகமாக்கினார். இரண்டு கார்புரேட்டர் வைத்தார், எஞ்சினைப் பெரிதாக்கினார். கூடவே முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் வைத்தார். வேகத்தைக் கூட்டுகிறவன் நிறுத்துவதையும் சேர்த்து யோசித்திருக்கிறான். நான் உள்ளே இழுப்பதை மட்டும் யோசித்தேன்.

போன மாதம் நண்பன் வீட்டுத் தறியருகே உட்கார்ந்து இந்த உரையை அவனிடம் படித்துக் காட்டினேன். பெயர் வராமல் இருந்தால் சரி என்றான். பிறகு பாவைக் காட்டினான். உடல் ஒரு நிறம், முந்தி வேறு நிறம். பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புதிய நிறத்து இழையை ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்கியிருந்தார்கள். பெட்னி என்று அதற்குப் பெயர். ஆயிரக்கணக்கான இழை. "வேற பாவைக் கொண்டாந்து சேக்கறது தப்பில்லடா. எங்க தொழிலே அதுதான். ஆனா எந்த இழை எந்த இழையோட சேருதுன்னு ஒண்ணொண்ணா பாக்கணும். ஒண்ணு விட்டாலும் நெய்யும்போது காட்டிக் குடுத்துடும்" என்றான்.

நான் நான்கு பக்கத்தில் எழுதியதை அவன் நாலு வரியில் சொல்லிவிட்டான். படிப்பில் அவன் எப்போதும் எனக்கு ஒரு மார்க் முன்னால்தான்.

நண்பர்களே, இன்றும் பந்தி இருக்கிறது, பாயசமும் உண்டு. பக்கத்து இலைக்காரர் ஏதாவது யோசனை கேட்டால், தெரிந்ததைச் சொல்வோம். தெரியாததை, "மெக்கானிக்கைக் கேளப்பா" என்று சொல்லப் பழகுவோம். அந்தத் தம்பி "இவ்வளவு கீழே வேணுமா சார்" என்று கேட்டபோது நான் நிறுத்தியிருந்தால், ஒரு மனிதன் புடவை மூட்டையோடு தண்ணீரில் நடந்திருக்க மாட்டான்.

அந்தக் கார் இப்போது இல்லை. வயதாகிவிட்டது, கொடுத்துவிட்டான். புதுக் காரின் பானட்டை என் முன்னால் திறப்பதே இல்லை! இருந்தாலும் இன்று காலை என்னை வீட்டிலிருந்து அழைத்து வந்தது அந்தக் கார்தான், ஓட்டி வந்தது அவன்தான். அவனுக்கு எல்லோர் முன்னிலும் என் நன்றியும், பத்து வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்த மன்னிப்பும்.